அளவுக்கு ஒரு ஆள்

மரத்தைத் தனியாகப் படம் எடுத்தால் அது எவ்வளவு பெரியது என்று தெரியாது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நூறடி மரமும் கீரைக் கட்டும் படத்தில் ஒன்றுதான். எனக்காக வெயிலில் நிற்க யாரும் இல்லை. ஆறு வருடம் இரவு வேலை பார்த்தவனுக்கு நண்பர்கள் மிஞ்சுவதில்லை. அக்காதான் மிஞ்சியிருந்தாள்.

என் வேலை ஒரு கிடங்கின் காவல் கேமராக்களுடைய திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. இருட்டில் அந்தக் கேமராக்கள் அகச்சிவப்பில் பார்க்கும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. ஏழாவது திரையில் கேட்டை ஒட்டிய புதர் ஒன்று வெள்ளை வெளேரென்று நிற்கும். ஆறு வருடத்தில் ஒரு திருடன்கூட வரவில்லை. புதரைத்தான் பார்த்தேன். ஒருநாள் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். தூக்கம் வருகிறது என்றேன்.

பிறகு ஒரு பழைய கேமரா வாங்கினேன். பழுது பார்ப்பவர் அதன் உள்ளே இருந்த வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வேறொன்றை வைத்துக் கொடுத்தார். அதில் உயிருள்ள இலை வெள்ளையாக விழும். நீல வானம் கறுத்துவிடும். மற்றவர்கள் கேமராவை மூடி வைக்கும் சுள்ளென்ற வெயில்தான் இதற்கு வேண்டும். வெயில் என் முதுகில் அடிக்க வேண்டும், மரத்தின் முகத்தில் விழ வேண்டும். அப்போதுதான் இலை நன்றாக வெளுக்கும்.

ஒரு மருத்துவமனை புதுக் கட்டடத்தின் சுவர்களுக்குப் பன்னிரண்டு மரப் படங்கள் கேட்டது. எனக்குக் கிடைத்த முதல் வேலை. அக்காவிடம் போனேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை பல் துலக்கும்போது, அக்காவின் வாயில் இருந்த தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிவிட்டது. முகத்தின் அந்தப் பக்கத்து நரம்பு செயலிழந்திருந்தது. வாய் ஓரளவு சரியானது. இடது கண் மட்டும் மூடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து, தூங்கும்போது இமைமேல் டேப். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவள், யாரும் சொல்லாமலே உள்ளே மருந்து அடுக்கும் அறைக்கு மாறிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியை வீட்டிலும் கழற்றுவதில்லை. "உங்கக்கா கண்ணைப் பாத்து மூணு மாசம் ஆச்சு" என்று மாமா ஒருநாள் என்னிடம் சொன்னார், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல.

"என்னையா? மூஞ்சி தெரியுமா?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா. நீ குச்சி மாதிரி தூரத்துல நிப்பே. கண்ணாடியும் போட்டிருப்பே."

"கண்ணு தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாது."

"டேய் ஆந்தை, அப்பறம் அது இதுன்னு சொல்லக்கூடாது." இரவு வேலைக்குப் போன முதல் வாரமே அவள் வைத்த பெயர் அது. வேலையை விட்டும் பெயர் என்னை விடவில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ஒன்பதாவது மரம் ஒரு பழைய ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த தூங்குமூஞ்சி மரம். ஒரு தெருவையே மூடும் அளவுக்குக் கிளை. அதன் அடியில் போய் நின்றவள் மேலே பார்த்தாள்.

"தூங்குமூஞ்சி மரத்துக்குப் பக்கத்துல தூங்காத மூஞ்சி. பொருத்தம்தான் போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த நேரத்தில் பொத்தானை அமுக்கினேன்.

நுழைவாயில் சுவரில் ஒன்பது அடி அகலத்துக்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாக அம்மாள் சொன்னார். பிரிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மரத்தின் அடிக்கு வந்ததும் கை நின்றது.

"சார், இந்த அம்மா நம்மளையே பாக்குறாங்க."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் சட்டம் இருந்தது. கறுப்பு இல்லை. சாதாரணக் கண்ணாடி போட்டதுபோல அதற்குள் இரண்டு கண்களும் தெளிவாகத் தெரிந்தன. சிரிப்பில் வலது கண் சுருங்கியிருந்தது. இடது கண் அகலத் திறந்திருந்தது.

வெயிலைத் தடுக்கும் அந்தக் கறுப்பு, அகச்சிவப்பைத் தடுக்காது. வெயில் வெளிச்சத்தில் கேமராவின் சின்னத் திரையில் அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆறு வருடம் அகச்சிவப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என்ன செய்ய, ராத்திரியில் யாரும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கிடங்குக்கு வரவில்லை.

"கண்ணு தெரியக்கூடாதா? ரெண்டு நிமிஷ வேலை சார். கறுப்படிச்சு விட்டுடலாம்" என்றார் கடைக்காரர்.

இரண்டு நிமிடம். அக்காவுக்குத் தெரியப்போவதில்லை. மருத்துவமனைக்கும் தெரியாது. அவர் சுட்டியை அந்தக் கண்ணின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"வேண்டாம். நிறுத்துங்க. நான் வர்றேன்."

அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், கண்ணாடியோடு. மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அக்கா, நான் சொன்னது தப்பு. கண்ணு தெரியுது."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி அந்த வீட்டில் மாமா சவரம் செய்யும் இடத்தில் மட்டும்தான் இருந்தது.

"இதை எத்தனை பேர் பாத்தாங்க?"

"பெருசா பாத்தது நானும் பிரிண்ட்காரரும். ஆஸ்பத்திரியில சின்னதா பாத்திருக்காங்க. கவனிச்ச மாதிரி தெரியல."

"சத்தியம் வேற பண்ணினே."

"ஆமா."

"அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"கறுப்படிச்சிடலாம்னாரு. ரெண்டு நிமிஷ வேலைன்னாரு."

"அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்பறம் எதுக்குடா வந்து சொல்றே?" குரல் உயர்ந்துவிட்டது. "பேசாம அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? என்னை உக்கார வெச்சு இதைக் காட்டணுமா?"

"தெரியல. அந்தாளு உன் கண்ணுமேல கறுப்படிக்கப் போனாரு. பாத்துட்டு இருக்க முடியல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அழிச்சிடு" என்றாள்.

அழித்தேன். கணினியில், கேமரா அட்டையில், மின்னஞ்சலில். பிரிண்ட்காரரைக் கூப்பிட்டு அங்கேயும் அழிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு மருத்துவமனைக்குப் பேசினேன். அவள் பக்கத்திலேயே நின்றதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன சார், நல்லா இருந்ததே அந்தப் படம்" என்றார் நிர்வாக அம்மாள். "சரி, அதே மரம் வேற எடுத்துக் குடுங்க. ஆனா ஆள் நிக்கணும். ஆள் இல்லாட்டி ஏதோ தொட்டிச் செடி மாதிரி இருக்கு. புதன்கிழமைக்குள்ள வேணும். இல்லேன்னா வேற ஒருத்தர்கிட்ட கடல் படம் இருக்காம், அதை மாட்டிடுவோம்."

"ஆள் பாக்கறேன்" என்று சொல்லி வைத்தேன். அக்கா மறுபடி பாத்திரத்துக்குப் போயிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அந்த மரத்துக்குப் போனேன். ரயில்வே குடியிருப்பில் யாரையாவது கெஞ்சி நிற்க வைக்கலாம் என்று எண்ணம். முக்காலியை விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

"யாரு கிடைச்சா?" என்று கேட்டபடி இறங்கினாள் அக்கா.

"யாரும் இல்ல."

"உனக்கு யாருடா நிப்பா? மூஞ்சியப் பாரு, கடன் கேட்டு வந்தவன் மாதிரி."

போன முறை நின்ற அதே வேரின் பக்கம் போய் நின்றாள். கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். திரையில் சின்னதாக, இரண்டு விரல் உயரத்துக்கு இருந்தாள். கை மேலே போவது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, போட்டுக்கோ. திரும்பி நில்லு, முதுகு போதும்."

"போட்டாலும் தெரியத்தானே போகுது? சும்மா மூக்குல பாரம்." கண்ணாடியைக் கைப்பையில் போட்டாள். "இதுல ஏமாத்த முடியாதுன்னு ஆயிடுச்சு. எடு."

காற்று வீசியது. கிளைகள் ஆடினால் இலை கலங்கிவிடும், அடங்கும்வரை காத்திருந்தேன். வெயில் என் முதுகில் அடித்தது. என் முதுகில் அடித்தால், கிளைகளுக்கு அடியில் சாய்வாகப் புகுந்து அவள் முகத்தில் அடிக்கிறது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்படித்தான் அவளை நிற்க வைத்திருந்தேன்.

"ஆந்தை, சீக்கிரம்டா. எரியுது." வலது கண்ணை இறுக மூடியிருந்தாள். இடது கண்ணிலிருந்து கன்னம் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையை வைத்து மறைக்கவில்லை. படம் கெட்டுவிடும் என்று கையைக் கீழேயே வைத்திருந்தாள்.

காற்று நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. நான் அமுக்கவில்லை. பத்து விநாடி தாமதத்தில் வைத்துவிட்டு அவளைப் பார்த்து ஓடினேன்.

"எதுக்குடா ஓடி வர்றே?"

அவளுக்கு முன்னால் போய் நின்றேன், வெயிலை அடைத்துக்கொண்டு. என் தலையின் நிழல் சரியாக அவள் முகத்தில் விழுந்தது. இரண்டு கண்ணையும் எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தேன். இடது கண் சிவந்திருந்தது. மற்றபடி அக்கா கண்தான்.

பின்னால் கேமரா 'சடக்' என்றது.

"போச்சு" என்றாள். "இப்ப உன் முதுகுதான் விழுந்திருக்கும்."

"விழட்டும். ஆள் வேணும்னுதான் கேட்டாங்க. அக்காதான் வேணும்னு கேக்கல."

"ஒன்பதடி அகலத்துக்கு உன் முதுகா? நோயாளிங்க பாவம்டா." சிரித்தாள். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, முகம் முழுக்க நிழலுக்குள் வரும்படி நின்றுகொண்டாள்.

"சரி, கேமராவை மடிக்கட்டுமா?" என்றேன்.

"இரு. நகராதே. இப்பதான் எரிச்சல் அடங்குது."