இரண்டாவது கையெழுத்து

சங்கத் தலைவருக்கு ஆலையில் 'இடி' என்றுதான் பெயர். மைக் தேவைப்படாத தொண்டை. ஊர் ஒதுக்கிவைத்த, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அக்கரைக்காரர்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கஷ்டப்படுகிறார்கள் என்று யார் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருப்பார். "எல்லாத்துக்கும் முதலாளிதான் காரணம். தொழிலாளிக்குள்ள ஏதுய்யா அக்கரை, இக்கரை?" ஊருக்காகப் பேசுகிற ஆள் இல்லை, மனதார நம்பினார்.

அன்று மதிய இடைவேளைக் கூட்டத்திலும் அதையே முழங்கி, கைதட்டலும் வாங்கி உட்கார்ந்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கரைப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். சாயப் பிரிவில் பதினொரு வருஷமாகத் தற்காலிகம். முழங்கை வரை நீலம் ஏறியிருந்தது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

"தறியில ஒரு இடம் காலியாம்ணே. மனு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி. இன்னும் ஒரு வருஷம் சாயத்துல நின்னா கை உதவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நிரந்தர வேலைக்கான மனுவில் சங்க உறுப்பினர் இருவர் கையெழுத்திட வேண்டும். முதலாளி தன் அடியாட்களை நுழைத்துவிடக் கூடாதென்று, நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து இடியே வாங்கித்தந்த விதி அது. நிரந்தரமானவர்தான் உறுப்பினராகலாம். அக்கரையிலிருந்து இதுவரை ஒருவரும் ஆனதில்லை. ஏன் என்று அவர் யோசித்ததும் இல்லை.

இடி கையெழுத்துப் போட்டார். "இன்னும் ஒருத்தர் வாங்கப்பா."

நாற்பது பேர் இருந்தார்கள். ஃபிட்டர் மின்விசிறியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார். பின்வரிசை செருப்பைத் தேட ஆரம்பித்தது. இடி கடைசியில் தன் மனைவியின் தம்பியைப் பார்த்தார். அவர் பேச்சுக்கு முதல் கைதட்டல் எப்போதும் அவனுடையதுதான்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். இன்னிக்கு ஒண்ணை உள்ள விட்டா நாளைக்குப் பத்து வரும். அப்புறம் நம்ம பிள்ளைங்க எங்க போறது?"

பழக்க தோஷம், முதலாளியைத் திட்டத்தான் இடிக்கு வாய் வந்தது. ஆனால் அந்த அறையில் முதலாளி இல்லை. அவமானத்தில் காது சுட்டது. விதியை எழுதிய கை தன்னுடையதுதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"யாராவது போடுங்கப்பா," என்றார் மறுபடியும். பக்கத்தில் இருந்தவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

இடைவேளை முடிந்து சங்கு ஊதியது. நாற்பது பேரும் எழுந்து போனார்கள். அவள் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பரவால்லண்ணே. நீங்களாவது போட்டீங்களே."

சொல்லிவிட்டுச் சாயப் பிரிவுக்கே திரும்பிப் போனாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.