கென்சாகுவின் தனிமைப் படங்கள்

மெல்போர்னிலிருந்து டன்கன் என்ற புகைப்படக்காரன் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் புரூம் ஊருக்கு வந்து, என் கணவர் கென்சாகுவைப் படமெடுக்க வேண்டும் என்று கேட்டபோது, சரி என்று முதலில் சொன்னவள் நான்தான். முத்துச்சிப்பி எடுக்க ஜப்பானிலிருந்து வந்து கடலில் முக்குளித்தவர்கள் ஊரில் அதிகம் பேர் மிஞ்சவில்லை. ஆழத்திலிருந்து ஒருமுறை அவசரமாக மேலே வந்ததில், அழுத்தம் மாறி கென்சாகுவின் இடுப்பு போயிற்று. காதும் பாதிதான் கேட்கும். ஒருவன் தேடி வந்து படமெடுக்கிறான் என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

முதல் நாளே என்னை நகரச் சொன்னான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தேன்.

"தெல்மா, கொஞ்சம் தள்ளி உக்கார்றீங்களா?"

தள்ளி உட்கார்ந்தேன். மறுநாள் பேரன்களின் சைக்கிள்களை ஓரங்கட்டினான். அப்புறம் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளை எடுத்தான். டிவியை நிறுத்தினான். சாப்பாட்டு மேசையில் இருந்ததையெல்லாம் வாரிவிட்டு, ஒரே ஒரு சோற்றுக் கிண்ணத்தை வைத்து அதன் முன்னால் அவரை உட்கார வைத்தான். ஜப்பானியர் கல்லறைகளுக்கு நடுவே ஒரு மதியம் முழுக்க வெயிலில் நிறுத்தி வைத்தான். கென்சாகு சொன்னதையெல்லாம் செய்தார். எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை.

"இந்த வீட்ல நாங்க பதினோரு பேர் இருக்கோம். அது உனக்குத் தெரியுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியுது. ஆனா இவரோட கதை தனிமைதானே?"

"அவரு சொன்னாரா?"

"சொல்லவே வேணாம். முகத்துலயே இருக்கு."

"அது தனிமை இல்லப்பா. காது கேக்காத மூஞ்சி."

சிரித்தான். அதை நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை.

என் அம்மா இந்த மண்ணின் பூர்வகுடிக் கறுப்பினத்தவள். அப்பா திமோர் தீவின் கூப்பாங்கிலிருந்து வந்த படகுக்காரர். நானும் கென்சாகுவும் பழகிய காலத்தில், என்னைப் போன்ற பெண் ஆசியக்காரனோடு ஒரே வீட்டில் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வேலி தாண்டி ஓடுவார். முதல் பிள்ளை பிறந்தபோது தெருமுனையில் நின்றுதான் பார்த்தார். அவரோடு ஒரு கூரைக்குக் கீழ் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவன் இரண்டு நிமிடத்தில் என்னை வெளியே அனுப்பிவிடுகிறான்.

கடைசி நாளில் விடாப்பிடியாக எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுக்க வைத்தேன்.

ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். சுவர் முழுக்க அவர்தான். எதிலும் வேறு ஆளில்லை. 'கடலை மட்டுமே சொந்தமாகக் கொண்டவர்' என்று கீழே எழுதியிருந்தது. வாசலில் எடுத்த படத்தைத் தேடினேன், இல்லை.

"நல்லாத்தான் வந்துச்சு, தெல்மா. மத்த படங்களோட சேரல" என்றான் டன்கன்.

நான் போய் இருப்பதிலேயே பெரிய படத்தின் முன்னால் நின்றுகொண்டேன். ஆட்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், வழிவிட முடியுமா என்று. நான் அசையவில்லை. கென்சாகு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். என் பக்கம் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நகரு தெல்மா. அவங்க பாக்கட்டும்."

நான் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெரிய படத்தையே டன்கன் அவருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தான். சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இத்தனை பிள்ளையைப் பெத்துட்டு அநாதை மாதிரி நிக்கிறியே. எனக்குப் பொண்டாட்டி இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்று அவர் காதருகே கத்தினேன்.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அவன் வர்றப்போ வீடு அமைதியா இருந்துச்சு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

இதைச் சொன்னதற்கு அவர் பேசாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப கக்கூஸ்ல கொண்டுபோய் மாட்டு. அங்கதான் நீ தனியா இருக்கே."

கோபத்தில் சொன்னதுதான். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நிஜமாகவே அங்கே மாட்டிவிட்டார். தாத்தா முறைக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் உள்ளே போகவே மாட்டேன் என்கிறார்கள்.

வாசலில் எடுத்த படத்தைக் கேட்டு டன்கனுக்கு எத்தனையோ முறை போன் செய்துவிட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்கிறான்.