வெட்டுப்பட்ட கரை

பிள்ளையார்பாளையத்தில் அம்மனுக்கு நெய்த கரையை மனுஷிக்கு நெய்ய மாட்டார்கள். ஆடி மாதம் தெருக்கோடி அம்மனுக்கு ஒரு பட்டுச்சேலை, அதற்கென்று தனியாக ஒரு கரை. சேலை தறியை விட்டு இறங்கியதும் அந்தக் கரையைத் தறியில் எழுப்புகிற துளை போட்ட அட்டைக் கட்டை, மறுபடி யாரும் நெய்ய முடியாதபடி பிரித்துப் போட்டுவிட வேண்டும். குமாரசாமி பத்தொன்பது வருஷமாக அந்தச் சேலையை நெய்கிறவர். பத்தொன்பது கட்டையும் தன் கையாலேயே பிரித்தவர்.

போன வருஷம் பச்சை உடல், அரக்குக் கரை, கரையில் வாயைத் திறந்த ஜரிகை யாளி வரிசை. இந்த ஆனியில் அந்தக் கரை ஒரு பிணத்தின் மேல் கிடந்தது.

நிஜப் பிணம் இல்லை, கம்ப்யூட்டர் கேம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போட்டது. வாளோடு அரண்மனைக்குள் புகுந்து எதிர்ப்படுகிறவர்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இவ்வளவு கொடூரம் கூடாது, தடை செய் என்று ஒரு கூட்டம். வயசு வந்தவன் ஆடினால் உனக்கென்ன என்று இன்னொரு கூட்டம். நாலு நாளாக டிவியில் இதே சண்டை. திரும்பத் திரும்பக் காட்டியது ஒரே காட்சியை: ஒரு ராணி தோளிலிருந்து இடுப்புவரை வெட்டுப்பட்டு விழுகிறாள். ஊரெல்லாம் ரத்தத்தைப் பார்த்தது. பிள்ளையார்பாளையம் சேலையைப் பார்த்தது.

ராணிக்குச் சேலை கட்டிவிட்டவள் குமாரசாமியின் மகள் ஏலவார்குழலி. அந்த மாதிரி விளையாட்டுகளுக்குத் துணிமணி செய்துகொடுக்கிற ஒரு சென்னைக் கம்பெனியில் வேலை; வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்வாள். அம்மன் கரையைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்ததும் அவள்தான். தான் வரைந்தது தன்னுடையது என்று நினைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நெசவாளர் சங்கத்தில் கூட்டம். பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆடிச் சேலை குமாரசாமிக்கா, இல்லையா. இல்லை என்றால் மயில்வாகனத்துக்கு. மயில்வாகனம் நல்ல கைக்காரர். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறவர்.

"உம் பொண்ணு அம்மனை வெட்டிக்கினு இருக்குது, ஊரே குந்திப் பாத்துக்கினு இருக்குது" என்றார் மயில்வாகனம்.

"அது அம்மன் இல்ல மாமா. ராணி" என்றாள் குழலி.

"அம்மன் சேலையைக் கட்டிக்கினா அம்மன்தாம்மா. வேற சேலையே கிடைக்கலியா உனக்கு? இந்த ஊர்ல சேலைக்கா பஞ்சம்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். குமாரசாமி தலையைத் தூக்கவில்லை.

செயலாளர் கலியாணசுந்தரம் எதையும் முறைப்படி செய்கிறவர். "பாக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது. போடும்மா" என்றார். சங்கத்தில் கிரிக்கெட் பார்க்க வாங்கிப்போட்ட பெரிய டிவி இருந்தது. குழலி லேப்டாப்பை அதில் மாட்டிவிட்டுக் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஏன்?"

"வீடியோ இல்ல பெரியப்பா, கேமே இதுதான். யாராச்சும் ஆடணும். ராணி வந்து கும்பிடுவாங்க. சிவப்பு பட்டனை அழுத்தினா வெட்டு. அழுத்தாம அந்தக் கதவு வழியா வெளிய போயிடலாம்."

"போனா?"

"ஒண்ணும் ஆகாது. அவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

"டிவில இதைச் சொல்லவே இல்லியே."

"யாரும் கேக்கல பெரியப்பா."

ராணி தூண்களுக்கு நடுவிலிருந்து வந்தாள். அவள் நடக்க நடக்க அரங்கில் பேச்சு தானாக நின்றது. புதுப் பட்டு, முதல் தடவை கட்டினது. அது நடையில் விறைத்துக்கொண்டு நிற்கிற விதம், கொசுவம் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து விரிந்து சேர்கிற விதம், விளக்கைத் தாண்டும்போது பச்சை ஒரு பக்கம் நீலமாகத் திரும்புகிற விதம். பிறந்ததிலிருந்து பட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் அது. குறை தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை.

ராணி கையெடுத்துக் கும்பிட்டாள். கலியாணசுந்தரம் பட்டனை அழுத்தினார். ஏன் அழுத்தினார் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

வாள் இறங்கியது. சேலையின் உடல் பகுதி உடனே பிரிந்தது. உடலும் கரையும் கோத்துக்கொள்ளும் கோர்வை மட்டும் ஒரு நொடி தாங்கிப் பிடித்து, அப்புறம் விட்டது. அறுபட்ட ஜரிகை சுருண்டு எழுந்து நின்றது. ரத்தம் முதலில் பாவு நூலைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் ஓடியது. குறுக்கே போகிற ஊடையில் மெதுவாகத்தான் பரவியது. யாளியின் வாய்க்கு வந்ததும் தயங்கியது. ராணி விழுந்தாள். முந்தானை அவளுக்குப் பிறகு வந்து இறங்கியது.

"இன்னொரு தபா போடு" என்றது ஒரு குரல். மயில்வாகனம்.

இரண்டாவது தடவை அவள் வேறு மாதிரி விழுந்தாள்.

"முன்ன மடிப்பு இப்படி விழலியேம்மா."

"ஒவ்வொரு தடவையும் புதுசா விழும் மாமா. படம் புடிச்சு வெச்சது இல்ல. நூலுக்கு நூல் அதுவே அந்த நேரத்துல போட்டுக்குது."

"நூலுக்கு நூலா? பாவு தனியா, ஊடை தனியாவா?"

"கரைல அப்படித்தான். உடல்ல நாலு இழைய ஒண்ணா வெச்சிருக்குது."

மயில்வாகனம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இழுத்துக்கொண்டார்கள். கன்ட்ரோலர் கை மாறியது. ஒருத்தர் எழுந்துபோய்த் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்டிக்க வந்தவர்கள் ராணியைப் பதினோரு தடவை வெட்டினார்கள். பதினோரு தடவையும் அவள் கும்பிட்டாள். அவள் கையை யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமினார். "கரையை எடுத்தது தப்பு. பொண்ணு கோயில்ல போய் மன்னிப்பு கேக்கட்டும். அம்மனை அவமானப்படுத்தின மாதிரி எனக்குத் தோணல. சேலையைக் குமாரசாமியே நெய்யட்டும். என்னா மயில்வாகனம்?"

மயில்வாகனம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் குமாரசாமி பதினோரு தடவையும் கோர்வையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது தாங்கின அந்த ஒரு நொடியை. நாற்பது வருஷத் தறியில் கோர்வைக்குக் கத்தி வைத்து அவர் பார்த்ததில்லை. யாரும் வைக்க மாட்டார்கள். அறுத்த ஜரிகை அப்படிச் சுருண்டு நிற்கும் என்று அவருக்கே தெரியாது. இதை யோசித்து வரைய முடியாது. பார்த்தவர்களால்தான் வரைய முடியும்.

"எதை வெட்டிப் பாத்தே?" என்றார்.

இது என்ன சாயம் என்று ஒரு நெசவாளி இன்னொரு நெசவாளியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. அத்தனை தலையும் குழலி பக்கம் திரும்பியிருந்தது.

கடையில் வாங்கின துணி என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அந்தக் குரலில் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"முடிவுத் துண்டை" என்றாள்.

அம்மன் சேலை முடிந்ததும் அதே பாவில் ஒரு முழம் கூடுதலாக நெய்து, நெய்தவர் வீட்டுச் சாமி விளக்குக்குக் கீழே வைப்பார்கள். அடுத்த ஆடிவரை அந்த வீட்டில் அம்மன் இருப்பதாக அர்த்தம். பிறகு பாலாற்றில் விடுவார்கள்.

"அய்யோ குமாரசாமி" என்றார் மயில்வாகனம், மெல்ல. "ஏம்பா கேட்ட?"

கலியாணசுந்தரம் நோட்டைத் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து எழுதினார். இந்த ஆடியிலிருந்து சேலை மயில்வாகனம் வீட்டில். யாரும் சத்தம் போடவில்லை. மயில்வாகனம் அந்தப் பொறுப்பைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்; முகத்தில் சந்தோஷம் இல்லை.

அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம்.

"நான் பொய் சொல்லியிருக்கலாம்" என்றாள் குழலி.

"நான் கேட்டேன். நீ சொன்ன." சிறிது தூரம் போய், "அந்தத் துண்டை எடுத்தா, பாப்போம்" என்றார்.

விளக்குக்குக் கீழிருந்து எடுத்துவந்தாள். தினமும் காலையில் அவர் கும்பிடுகிற மடிப்பு. வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. பிரித்தாள். உள்ளே ஏழு வெட்டு. வெட்டைச் சுற்றிப் பச்சை காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

"இது என்னாது?"

"குங்குமத்தைக் கரைச்சு ஊத்திப் பாத்தேன். அது சரியா ஓடல. அப்புறம் கறிக்கடையில வாங்கியாந்தேன்பா."

முட்டைகூட வாசலைத் தாண்டாத வீடு. பல மாதமாக அது விளக்குக்குக் கீழே இருந்திருக்கிறது. அவர் தினமும் அதற்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார். குமாரசாமியின் கை தானாகப் பின்னால் போனது. மகளைப் பார்த்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, பல் துலக்க அம்மா இரண்டு தடவை எழுப்ப வேண்டிய பெண். இவள் கண் சிமிட்டாமல் எதையெல்லாம் பார்த்திருப்பாள் என்று நினைக்கும்போது அவருக்குப் பயமாக இருந்தது. கோபம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

துண்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பட்டு முழுக்கக் கறை. அதன் நடுவே யாளிகள் அன்று நெய்த மாதிரி மின்னின.

"ஜரிகை குடிக்கல" என்றார்.

"குடிக்காதுப்பா. சுத்திக்கினு போயிடும்."

அவருக்கு அது தெரியாது. நாற்பது வருஷம்.

அடுப்படியிலிருந்து மனைவி புவனேஸ்வரி கேட்டாள்: "சங்கத்துல என்னாங்க சொன்னாங்க?"

குமாரசாமி ஒரு வெட்டை விரல் நுனியால் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதை ஒரே இழுப்பாவா இழுத்தே?"

"ரெண்டு இழுப்பு."

"ஒரே இழுப்புன்னா கோர்வை இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்."

"தெரியும்" என்றாள் குழலி. "வேற துண்டு இல்லப்பா."