நூறு கிராமுக்கு ஒரு மொட்டை

எதிரணியில் ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் திமிறிக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான் குமரவேல். ஆனால் ஒரு கரண்டி பிரியாணியிடம் மாட்டிக்கொண்டால் அவனுக்குத் தப்பத் தெரியாது. கபடி லீக்கில் நான்கு சீசனாகப் பெஞ்சைத் தேய்த்தவன். முதல் ரெய்டருக்கு முழங்கால் போனதில், நாளை ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். இன்று மாலை ஆறு மணிக்கு எடை பார்ப்பார்கள். எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது.

அந்த நாளாகப் பார்த்தா அக்கா சாமுண்டீஸ்வரி மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைப்பாள்? வைத்தாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? "கோயிலுக்குப் போயிட்டு வந்துடுறேன் சார்" என்று கோச் தோத்தாத்ரியிடம் புளுகிவிட்டு, அணி தங்கியிருந்த பொத்தேரி ஹோட்டலிலிருந்து பீர்க்கன்கரணையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஆட்டோ பிடித்தான்.

குழந்தை அழுது முடித்ததும் இலை போட்டார்கள். ஒரு வாய் என்றுதான் உட்கார்ந்தான். எழுந்தபோது அக்கா விடவில்லை.

"இன்னாடா, கொறிச்சிட்டு எழுந்துக்கினே? தாய்மாமன் சாப்டாத வூட்ல எவன் கை நனைப்பான்?"

அடுத்த பந்தியில் சம்பந்தி வீட்டார் இழுத்து உட்கார வைத்தார்கள். மூன்றாவது பந்தியில் யாரும் இழுக்கவில்லை. அவனே போய் உட்கார்ந்தான்.

கை கழுவும்போதுதான் ஆறு மணி ஞாபகம் வந்தது. அக்கா புருஷன் தசரதனின் கம்பிக்கடைத் தராசில் ஏறி நின்றான். எண்பத்தாறே கால்.

"நம்ம தராசு பொய் சொல்லாது மாப்ள" என்றார் தசரதன் பெருமையாக.

மண்டை பிளக்கும் வெயிலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடினான். வேர்வையைக் கொட்டினால்தான் எடை இறங்கும். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நாளைக்கு ஃபைனல், இன்னிக்கும் பிராக்டிஸ் பண்ணுது பாரு! பெத்தா இப்படிப் புள்ள பெக்கணும்" என்றாள் இட்லிக்கடை கங்கையம்மாள். ஏப்பம் அடக்கமாட்டாமல் வந்தது குமரவேலுக்கு.

ஐந்து மணிக்கு மறுபடி தராசு. எண்பத்தைந்து கிலோ நூறு கிராம். பனியனைக் கழற்றினான். அரைஞாணை அறுத்தான். துப்பித் துப்பி வாய் வறண்டதுதான் மிச்சம். நான்கு வருஷம் காத்திருந்தது நூறு கிராமில் போகிறதே என்று கண் கலங்கிவிட்டது.

குழந்தைக்கு மொட்டை அடிக்க வந்த பாலு, சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டிருந்தான். குமரவேலின் தோள்வரை தொங்கும் முடியையும் காடு மாதிரி வளர்ந்த தாடியையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணா, நூறு கிராம் இன்னா, நூத்தம்பது கீது உன் தலையில."

லேசுப்பட்ட முடியா அது! ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் டிவி கேமரா அதைத்தான் தேடிப் பிடிக்கும். தாம்பரம் முழுக்கப் பையன்கள் 'குமரவேல் கட்டிங்' வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கோலத்தோடு யாரும் பள்ளிக்கு வரக் கூடாது என்று உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியை ஜெயசீலி மூன்று சுற்றறிக்கை விட்டும் ஒருத்தனும் அசையவில்லை. கடைசியில், ஒழுக்கம் பற்றிப் பேச வாருங்கள் என்று அவனையே திங்கட்கிழமைக்கு அழைத்திருந்தார்.

குமரவேல் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

ஆறு மணிக்கு ஹோட்டல் தராசு எண்பத்து நாலு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம் காட்டியது. மறுநாள் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அந்தப் புள்ளி குமரவேல் எடுத்தது.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். வரிசையாக நாற்பது மொட்டை, வெயிலில் பளபளத்துக்கொண்டு. தோத்தாத்ரியும் மேடையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

"என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல முடியாததை நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க சார்! இதுதான் டெடிகேஷன்!" என்று, மேடையேறிய அவனிடம் ஜெயசீலி மைக்கை நீட்டினார்.

குமரவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசையாக வளர்த்த முடியை இழந்துவிட்டு நாற்பது முகங்கள் அவனை அண்ணாந்து பார்த்தன. இவர்களிடமும் புளுகினால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"கோச்சுகிட்ட கோயிலுக்குன்னு பொய் சொல்லிட்டு பிரியாணி சாப்பிடப் போனேன். மூணு இலை. எடை கூடிப்போச்சு, ரெயின்கோட் போட்டு ஏரியைச் சுத்தி ஓடியும் முழுசா எறங்கல. அதுக்குத்தான் இந்த மொட்டை. என்னப் பாத்து எதையும் செய்யாதீங்க!"

ஜெயசீலியின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த கணம் பையன்கள் விசிலடித்துக் கைதட்டினார்கள்.

தோத்தாத்ரி மட்டும் கைதட்டவில்லை. "பட்டை, கிராம்பு மணக்கிற பிரசாதம் எந்தக் கோயில்லடா குடுக்கறா? அன்னிக்கே தெரியும். தராசு உன்னைக் காப்பாத்தித்து. நாளைலேர்ந்து ஒரு வாரம், தினமும் அந்த ஏரியைப் பத்து சுத்து."

மறுநாள் விடிந்ததும் ஓட ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினான். மேகமே இல்லாத வானத்தின் கீழ் நாற்பது மொட்டையும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தன.

அன்று ராத்திரி அக்கா வீட்டில், விருந்தில் மீந்து ஃப்ரிட்ஜில் இருந்த கறியை வைத்துக் குழம்பு. இரண்டாம் முறை சோறு போடக் கரண்டியை எடுத்தாள் சாமுண்டீஸ்வரி. வாயில் எச்சில் ஊறத்தான் செய்தது. ஜன்னலில் நான்கு மொட்டைத் தலைகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போதும்க்கா" என்று கையை உதறிக்கொண்டு எழுந்தான்.