புபுசியில் போன மாத்திரைகள்

பாட்டுப் போட்டி முடிந்த கையோடு எங்கள் தீவே இருமத் தொடங்கியது. மனேபா என்னும் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஊர் மொத்தமும் நெருக்கியடித்து உட்கார்ந்து பாடினால் பாட்டு மட்டுமா பரவும்? மூக்கொழுகல், லேசான காய்ச்சல், நெஞ்சின் இரண்டு பக்கமும் விசில் சத்தம். சிலருக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனாலும் அது வைரஸ். ஆன்டிபயாடிக் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர் குடி, படு, மூச்சு வேகமானால் ஓடி வா. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிப்போனது. தீவுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ்.

"நர்ஸ் அரோய்ட்டாகிட்ட போனா தண்ணி குடின்னுவா. அதுக்குக் கிணத்தடிக்கே போயிடலாம்" என்று தவோபா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்போதுதான் புவெரேயா தன் மகள் ரக்கேராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருமல் குறைந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று குளிரில் நடுங்கி அனலாய்க் கொதித்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. வலது பக்கம் அடியில் மட்டும், காதோரம் முடியைத் தேய்த்தாற்போல நொறுநொறுவென்று கேட்டது. எக்ஸ்ரே எல்லாம் கடல் தாண்டித் தலைநகரில்தான். எனக்கு இருப்பது இரண்டு காது. வைரஸ் போன வழியிலேயே பாக்டீரியா நுழைந்துவிட்டது என்று அந்தக் காது சொன்னது.

ஊசி மருந்து தீரும்வரை போட்டேன். மூச்சு அடங்கியது. அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரைகளையெல்லாம் புவெரேயாவிடம் கொடுத்தேன். புது மருந்து கொண்டுவர வேண்டிய சரக்குக் கப்பல் எஞ்சின் பழுதாகிப் பக்கத்துத் தீவில் கிடந்தது.

"காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாத. முழுசும் குடுக்கணும்" என்றேன். தலையாட்டினாள்.

இரண்டு நாளில் பிள்ளையோடு மறுபடி வந்து நின்றாள். மறுபடி அதே குழி, அதே கொதிப்பு.

"மாத்திரை எங்க?"

புவெரேயா தரையைப் பார்த்தாள். "தீந்துபோச்சுக்கா."

"எப்படித் தீரும்?"

"தவோபா மாமா புபுசி கேட்டாரு. அவரு பையனும் இருமுறானாம். அப்புறம் சின்னம்மா வந்தாங்க, பக்கத்து வீட்டுல வந்தாங்க. எப்படிக்கா இல்லங்கறது?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தட்டை எறிந்திருப்பேன். எறியவில்லை. உறவுக்காரன் புபுசி என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் எங்களில் யாருக்கும் மறுக்க வாய் வராது. மறுத்தால் அந்த வெட்கம் பேரப்பிள்ளை வரைக்கும் தொடரும். என் சைக்கிள் அப்படித்தான் போனது. நல்ல பாயும் அப்படித்தான் போனது. இவளை எந்த வாயால் திட்டுவது?

மாத்திரை தீவில்தான் இருந்தது. என் அலமாரியில்தான் இல்லை. நர்ஸாகப் போய் அதட்டினால் "எல்லாம் முழுங்கியாச்சு" என்பார்கள். ஆகவே சொந்தக்காரியாகப் போனேன். உச்சி வெயிலில், தூக்கம் கெட்ட கண்ணோடு, முதல் வீட்டு வாசலில் நின்று, "சின்னம்மா, புபுசி. அந்த மாத்திரை வேணும்" என்றேன்.

சின்னம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நானும் புபுசி கேக்கறேன். உன் குடை நல்லாருக்கே" என்றாள். குடை போனது. அடுத்த வீட்டில் ஃபிளாஸ்க் போனது. போய்த் தொலையட்டும்.

கடைசி வீடு தவோபாவுடையது. மகனை மடியில் வைத்துக்கொண்டு மேடைபோல் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்குத் தரமாட்டேன்னு நான் சொல்ல முடியாது. ஆனா இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இரண்டு பக்கமும் விசில். மூக்கு ஒழுகியது. ஒரு கையில் மீன், வாய் நிறையச் சோறு. மூச்சு நிதானமாக இருந்தது.

"இது வைரஸ்தான், தவோபா. இந்த மாத்திரையால இவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அங்க ரக்கேரா செத்துருவா."

"ரக்கேராவும் முதல்ல இப்படித்தானே ஓடிட்டிருந்தா?"

அவன் சொன்னது உண்மை.

"இன்னிக்கு இல்ல" என்றேன். "நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

மகனை மடியிலிருந்து இறக்கி உட்காரவைத்தான். பிறகு மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"அப்ப நானும் புபுசி கேக்கறேன். கப்பல் வர்ற வரைக்கும் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து இவன் நெஞ்சுல காதை வை."

குடை மாதிரி ஏதாவது கேட்டிருக்கலாம் இந்த மனுஷன்.

ரக்கேராவை மருத்துவ நிலையத்திலேயே படுக்க வைத்தேன். மாத்திரை என் பையிலேயே இருந்தது. கேட்டு வந்தவர்களிடம், "இது என்னோடது இல்ல, ரக்கேராவோடது. அவளைக் கேளுங்க" என்றேன். பேசக்கூட மூச்சில்லாத பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? பக்கத்திலேயே உட்கார்ந்து, மாத்திரையைக் கரைத்துக் கரைத்து ஊட்டினேன். காலையும் மாலையும் அங்கிருந்து தவோபா வீட்டுக்கு நடை. சைக்கிளும் இல்லை, குடையும் இல்லை. வழியில் நின்றுகொண்டே தூங்கினேன் என்றால் பொய்யில்லை.

மெல்ல மெல்ல விலாக்குழி மறைந்தது. ஒரு காலையில் ரக்கேரா எழுந்து உட்கார்ந்து பதநீர் கேட்டாள். நான் அழுதேன். அப்போதும் தவோபா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கப்பல் வந்த அன்று, கடைசியாக அந்தப் பையனின் நெஞ்சில் குனிந்தேன். விசில் இல்லை. காற்று சுத்தமாகப் போய் வந்தது. போய் வந்தது. போய்...

கண் விழித்தபோது என் தலை இன்னும் அவன் நெஞ்சில்தான் இருந்தது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான். தவோபா எனக்கு ஓலையால் விசிறிக்கொண்டிருந்தான். வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அம்மா பதநீர் கொடுத்தனுப்பினாள் என்று தொண்டை கிழியக் கத்தியது ரக்கேராதான். அந்த மூச்சைக் கேட்க ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை.

"உஸ்" என்று தவோபா அவளை அடக்கினான். "சத்தம் போடாத. நர்ஸ் இன்னும் கேட்டு முடிக்கல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.