நெப்தாலி கும்பிடுகிறான், நாங்கள் பார்க்கிறோம்

எங்கள் பகுதியில் ரவுடிக் கும்பலைவிட்டு வெளியே வர இரண்டு வழிதான். ஒன்று சவப்பெட்டி, இன்னொன்று சபை. சபைக்குப் போகிறேன் என்று சொன்னால் கும்பல் விட்டுவிடும், ஆனால் உண்மையாகப் போக வேண்டும். பீர் கூடாது, சிகரெட் கூடாது, ஆட்டம் கூடாது. ஆண்டவரோடு விளையாடுகிறவனைத் தங்களோடும் விளையாடியதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒல்வின் என்று ஒருவன் ஞானஸ்நானம் வாங்கிய கையோடு ஒரு பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் ஆடினான். மறுநாள் வாய்க்காலில் கிடந்தான்.

அதனால் கும்பலிலிருந்த நெப்தாலி மனந்திரும்பியபோது, அவனைக் கவனிக்கத் தெருவுக்கே ஒரு வேலை கிடைத்தது. என் கடை ஜன்னல் அவன் வீட்டுக்கு நேர் எதிரே. கும்பலின் ஆள் பூனை (பச்சைக் கண்ணுக்காக வந்த பெயர்) வாரம் ஒருமுறை சோடா குடிக்க வருவான்.

"என்ன எல்வியாக்கா, நம்ம பிரதர் பீர் கீர் வாங்குறாரா?"

"சோப்பும் பீன்சும்தான் வாங்குறான். ரொம்ப போர்."

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கழுத்துவரை பச்சை குத்திய ஆள், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு, பைபிளை அக்குளில் இடுக்கி, தெருமூலையில் காவல் நிற்கும் கும்பல் பையன்களைத் தாண்டிச் சபைக்குப் போவான். பின்னால் மனைவி சுயாப்பாவும் நாலு வயது கெய்லினும். குழந்தை மட்டும் மூலையில் நிற்பவர்களுக்குக் கையாட்டும்.

கெய்லினுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நடைபாதையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். சபை முழுக்க உபவாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஒப்துலியோ ஒலிபெருக்கியில் குழந்தை சுகமாகிவிட்டதாக அறிவித்தார். நான்கூட அல்லேலூயா சொன்னேன். செவ்வாய்க்கிழமை வெள்ளைப் பெட்டி வந்தது.

சாயங்காலம் துக்கத்துக்குத் தெருவே கூடியது. காப்பி, இனிப்பு ரொட்டி, ஒரு மூலையில் சீட்டாட்டம். பூனையும் வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டான். சுயாப்பாவின் அண்ணன் டார்வின் ஒரு காப்பிக் கோப்பையை நெப்தாலி கையில் திணித்தான். வாடையிலேயே தெரிந்தது, அதில் பாதி கரும்புச் சாராயம்.

"குடிங்க மாப்ள. இன்னைக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

சீட்டுகள் அப்படியே நின்றன. பூனை ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தான், கண் மட்டும் கோப்பையில்.

"குடிய்யா," என்றாள் சுயாப்பா. "பெத்த புள்ள கெடக்குறா. இன்னைக்கு ஒரு நாளாவது மனுசனா இரு."

நெப்தாலி கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். அதே நேரம் பார்த்து பாஸ்டர், "பிரதர், ஒரு சாட்சி சொல்லுங்க" என்றார். எழுந்தான். ஆண்டவர் நல்லவர் என்றான். அவர் செய்வதெல்லாம் நன்மைக்கே என்றான். குரல் நடுங்கவில்லை, கைதான் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. சுயாப்பா சத்தமாகச் சிரித்தாள். பூனை திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு ரொட்டி எடுத்தான்.

அதற்குப் பிறகு சுயாப்பா சபைப் பக்கம் போகவில்லை. அவன் ஒரு வாரமும் தவறவில்லை. விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பாஸ்டர் அவனை மேடையேற்றினார்.

ஒருநாள், தெருவுக்குக் குறுக்கே அவர்கள் வீட்டுச் சுவர்வரை கட்டியிருந்த என் கொடியில், அந்தச் சுவரோரம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உலர்ந்த துணிதான்.

"நான் ஆண்டவரோட சண்ட போடுவேன், ஏசுவேன்," என்றாள் சுயாப்பா உள்ளே. "ஒனக்கு அதுக்குக்கூட வழியில்ல. கதவச் சாத்திட்டேன். மெதுவா, ஒரே ஒரு தடவ, எம்புள்ளய எதுக்கு எடுத்தாருன்னு அவரக் கேளு. எங்கூடச் சேர்ந்து கேளு. போதும்."



"எல்வியாக்கா கேட்டுக்கிட்டிருப்பாங்க," என்றான் நெப்தாலி.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குள் போய்விட்டேன். அந்த வாரமே அவள் ஒரு பையோடு சோலுத்தேக்கா ஊரிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட அவன் போனான். திரும்பி வந்து நேராக ஜெபக் கூட்டத்துக்குப் போனான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆறு பெருகித் தெருவில் முழங்காலளவு தண்ணீர். மூலையில் ஈ காக்கை இல்லை. பாஸ்டரே வீட்டைவிட்டு வரவில்லை. நெப்தாலி பைபிளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனான். சபையின் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தான். யார் பார்க்க வேண்டுமென்று போனான்? எனக்குத் தூக்கமே போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் சோப்பு வாங்க வந்தான். கேட்டே விட்டேன்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லு தம்பி. இன்னும் நெசமாவே நம்புறியா?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் இவ்வளவு சிவந்திருக்கும் என்று ஜன்னலிலிருந்து தெரிந்ததில்லை.

"யாருக்காகக் கேக்குறீங்க அக்கா?"

"எனக்காகத்தான்."

சோப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். உதடுகூட அசைந்தது.

பிறகு தோளுக்குப் பின்னால் மூலையை ஒருமுறை பார்த்தான்.

"ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பாராக, சிஸ்டர்," என்றான், அங்கே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி.