பதினாறாம் எண் கதவு

திரை மறுபடியும் கறுத்துப்போனது. ஃபிராங்க்ளின் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கம்ப்யூட்டருக்கு வலிக்கவா போகிறது?

யாருக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் புகைந்து செத்தது. அதிலிருந்த, டாஸ் என்ற அந்தக் காலத்து சிஸ்டத்தில் ஓடும் புரோகிராமைப் புதுப் பெட்டியில் போட்டால், பாதிக் கணக்கில் திரை கறுத்து அப்படியே உறைந்துவிடுகிறது. எழுதிக் கொடுத்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். சுலபமான கேஸ்களுக்கு, கதிர் அளவுகளுக்குப் பொறுப்பான மரகதம் கையாலேயே கணக்குப் போட்டு ஒப்பேற்றினாள். ஃபிராங்க்ளினின் மனைவி ஜூலியாவுக்கு அது நடக்காது. அவளுக்குக் கட்டி தொண்டையில். தண்டுவடம் அதை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது; அது நசுங்கினாலோ கருகினாலோ கை கால் விளங்காது. நடுவில் நின்ற சிகிச்சை நாளைக்குள் தொடராவிட்டால் இதுவரை கொடுத்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க மாதக்கணக்காகும். புருஷன் தொம்மலூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், பெட்டியை அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

முதலில் டிஸ்ப்ளே கார்டைத்தான் சந்தேகப்பட்டான். திரை கறுத்தால் வேறெதைச் சந்தேகப்படுவது? எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் அலைந்து கார்டு கார்டாக மாற்றி வாரத்தைத் தொலைத்தான். கறுப்பதற்குச் சற்று முன் ஏதோ ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கிறது என்று இன்று காலையில்தான் பிடிபட்டது. புகார் செய்யாதே என்று பிராசஸரின் வாயை அடைக்க ஒரு வழி உண்டு. அடைத்தான். கணக்கு ஓடி முடிந்து, கதிர் அளவுக் கோடுகள் வரைந்த தாளும் அழகாக வெளியே வந்தது.

"மேடம், வந்துடுச்சு! மாதாவே, வந்துடுச்சு!"

மரகதம் துள்ளவில்லை. சிகிச்சை முடிந்துபோன ஒருவரின் கணக்கை அதில் போட்டு, பழைய தாளோடு ஒப்பிட்டாள்.

"ஃபிராங்க்ளின், கட்டிக்கு நடுவுல டோஸ் ஜீரோன்னு காட்டுது. பத்தலைன்னு இன்னும் ஏத்தச் சொல்லும். தண்டுவடம் கருகிடும்."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிப் போட முடியாதா மேடம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வாயடைத்ததை நீக்கிவிட்டுப் புரோகிராமைத் தோண்டினான். எழுதியவன் மடையன் இல்லை. பூஜ்யத்தால் வகுக்கிற இடத்தில் பிராசஸர் புகார் செய்யும் என்று தெரிந்து, அதைக் கேட்கவே தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருந்தான். உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியில் கதிர் பாய்ச்சி அளந்த சரியான எண்ணைப் போட்டு அது கணக்கைத் தொடரும். பழைய கம்ப்யூட்டரில் புகார் தனிக் கம்பி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. புதுப் பெட்டியோ புது முறைப்படி, வரிசையாக எண் போட்ட புகார்க் கதவுகளில் பதினாறாம் எண் கதவைத் தட்டுகிறது. டாஸில் அந்தக் கதவுக்குள் குடியிருப்பவன் திரையைக் கவனிக்கிற ஆள். அவனுக்கு வகுத்தலும் தெரியாது, பூஜ்யமும் தெரியாது. யாரோ கூப்பிட்டார்கள் என்று திரையைத் துடைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறான். குறை தீராத புகார் மறுபடி வந்து தட்டுகிறது. மறுபடி துடைக்கிறான்.

"முழுங்கறப்ப வலிக்குதுங்க" என்று ஜூலியா எத்தனை தடவை வந்து நின்றாள்! "ஐஸ் வாட்டர் குடிக்காதேன்னா கேக்கறியா?" என்று சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டவன் ஃபிராங்க்ளின்தானே. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பதினாறாம் கதவில் ஒரு வாட்ச்மேனை நிறுத்தினான். வருவது வகுத்தல் புகாரா, பழைய பகுதிக்கு அனுப்பு. மற்றதைத் திரைக்காரனிடம் விடு. அவ்வளவுதான். அந்தச் சின்ன வேலையையும் தப்புத் தப்பாக அடித்து அடித்துத் திருத்தினான்.

மரகதம் பழைய தாளையும் புதுத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டின்மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. ஜூலியாவின் கணக்கையும் போட்டுச் சரிபார்த்துவிட்டு, "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வராந்தாவின் பெஞ்சில் ஜூலியா சுவரில் தலை சாய்த்திருந்தாள். அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"சரியாயிடுச்சு ஜூலி! எழுந்திரு, இப்பவே குடுக்கறாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. ஏதோ முணுமுணுத்தாள். குரல்தான் எப்போதோ போய்விட்டதே. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"முடியலீங்க. கால் ரெண்டும் மரத்துப்போயிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமையே பாதம் மரக்க ஆரம்பிச்சிடுச்சு. சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தீங்க."